வீட்டுப் பின்புறத் தாங்குசுவர்: குறைந்த செலவில் எதைக் கொண்டு கட்டுவது?

மேட்டு நிலத்தில் வீடு கட்டுவோர்க்குச் சுவர் இரண்டு வகை. ஒன்று கூரையைத் தாங்குவது. மற்றொன்று மண்ணைத் தாங்குவது. முன்னதற்கு நாம் கொத்தனாரைத் தேடுகிறோம், நல்ல நாள் பார்க்கிறோம், கடன் வாங்கியேனும் செம்மையாகக் கட்டுகிறோம். பின்னதையோ, வீட்டு வேலை முடிந்து மிஞ்சிய கல்லையும் மிஞ்சிய காசையும் கொண்டு எப்படியோ ஒப்பேற்றி விடுகிறோம். மழைக்காலத்தில் உயிருக்கு இடர் விளைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது சுவரே. ஆகையால் குறைந்த பொருள் வசதி உள்ள குடும்பங்கள் தாங்குசுவருக்கு எப்பொருளைத் தெரிந்தெடுக்கலாம், எதை விலக்கவேண்டும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நம் மாவட்டத்தின் நிலை

கன்னியாகுமரி மாவட்டத்தில் நிலம் குறைவு, மக்கள் மிகுதி. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழகத்தில் சென்னைக்கு அடுத்த நெருக்கம் இது. மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் நிலம் மேடும் பள்ளமுமாக அலையலையாய்க் கிடப்பது. வயல் ஏலாவாகத் தாழ்விடத்தில் இருக்க, வீடுகள் விளைகளின் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலம் வாங்கியவர், சரிவை வெட்டிச் சமன் செய்தால்தான் மனை கிடைக்கும். வெட்டியவுடன் வீட்டின் பின்னே செங்குத்தான மண்கரை ஒன்று நிற்கும்.

பங்குனி, சித்திரை வெயிலில் அந்தச் செம்மண் கரை கல்லைப்போல் இறுகி நிற்பதைக் கண்டு, இதற்குச் சுவர் எதற்கு என்று எண்ணுவோர் உண்டு. உலர்ந்த செம்மண்ணுக்குத் தன்னளவில் ஓர் ஒட்டு உண்டு என்பது உண்மையே. ஆனால் நீர் ஊறியதும் அவ்வொட்டுத் தளர்கிறது. இம்மாவட்டமோ தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறுவது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில், திருவனந்தபுரம் – நாகர்கோவில் இருப்புப்பாதையில் பல இடங்களில் மண் சரிந்து போக்குவரத்துத் தடைப்பட்டதை நாம் அறிவோம்.

சுவரே இல்லாமை ஓர் ஆபத்து. தவறான சுவர் அதனினும் பெரிய ஆபத்து. 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே நடூரில், மழையில் ஊறிய உயரமான கருங்கல் சுவர் ஒன்று சரிந்தது. கீழே இருந்த வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். கருங்கல் வலியதுதான். ஆயினும் கல்லின் வலிமை வேறு, சுவரின் வலிமை வேறு என்பதை அத்துயரம் நமக்கு உணர்த்துகிறது.

மண் எவ்வளவு தள்ளும்?

பொருளைத் தேர்வதற்கு முன் பகையை அறிதல் வேண்டும். நீர் நன்கு வடியும் மண், 4 அடி உயரமுள்ள சுவரை, ஓர் அடி நீளத்துக்கு ஏறத்தாழ 135 கிலோ விசையுடன் தள்ளுகிறது. சுவரை 8 அடியாக உயர்த்தினால் இவ்விசை இரு மடங்கு ஆகும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது நான்கு மடங்கு, அதாவது 540 கிலோ ஆகிறது. சுவரைக் கவிழ்க்கும் முயற்சியோ எட்டு மடங்கு ஆகிறது. உயரம் ஏற ஏறச் செலவும் ஆபத்தும் எவ்வாறு பாய்ந்து ஏறுகின்றன என்பதற்கு இதுவே விளக்கம்.

இனி நீரின் செயலைக் காண்போம். சுவருக்குப் பின்னே நீர் வடிய வழியின்றி உச்சிவரை தேங்கினால், அதே 4 அடிச் சுவரின்மீது விசை 135 கிலோவிலிருந்து ஏறத்தாழ 290 கிலோவாக உயர்கிறது. அடியில் இரண்டரை அடியும் உச்சியில் ஒன்றரை அடியும் கனமுள்ள கருங்கல் சாந்துக்கட்டின் எடை, ஓர் அடி நீளத்துக்கு ஏறத்தாழ 520 கிலோ. அடியில் உராய்வு அதில் பாதி எனக் கொண்டால், அச்சுவர் நகராமல் தாங்கக்கூடியது 260 கிலோ. நீர் வடிந்தால் 135 கிலோவை எளிதில் தாங்கும். நீர் தேங்கினால் 290 கிலோவுக்கு ஈடுகொடாது. அடித்தளத்தின் பிடிப்பு ஒன்றையே நம்பி நிற்கும். கல்லும் அதுவே, சிமெண்டும் அதுவே. வேறுபாடு வடிகால் ஒன்றுதான். ஆதலின் தாங்குசுவருக்கு வாங்கவேண்டிய முதற்பொருள் கல்லன்று, நீர்போக்கு என்று கூறினும் மிகையாகாது.

பொருள்களின் குணமும் குறையும்

1. கருங்கல். தோவாளை வட்டத்திலும் மலையடிவாரங்களிலும் கருங்கல் அருகிலேயே கிடைக்கும். கிணறு வெட்டும்போதும் விளை கிளைக்கும்போதும் கிடைத்த கல் பலர் தோட்டத்தில் குவிந்து கிடக்கும். 4 அடிக்கு உட்பட்ட சுவருக்குச் சாந்தில்லாமல் அடுக்கும் கருங்கற்கட்டே நமக்கு மிகப் பொருத்தமானது. சிமெண்டுச் செலவு இல்லை. இடைவெளிகள் வழியே நீர் தானாகவே வடிகிறது. மண் சற்று அமிழ்ந்தாலும் சுவர் வெடிக்காமல் தானும் சற்றே அமைந்து கொள்ளும். ஒரு பகுதி சரிந்தால் அதே கல்லைக்கொண்டு மறுபடியும் அடுக்கிக் கொள்ளலாம். ஆனால் அடுக்கத் தெரிந்த கை வேண்டும். ஆற்றுருளைக் கல்லும் உருண்டைக் கல்லும் இதற்கு உதவா. தட்டையான முகமுள்ள கல்லே பிடித்து நிற்கும்.

2. வெட்டுக்கல். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் கேரளத்திலும் வெட்டுக்கல் எனப்படும் செம்பாறைக்கல், வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப் பட்டபின் கடினமாகவும் ஆகும் இயல்பினது. மலபாரில் அங்காடிப்புறம் என்னுமிடத்தில் இதனைக் கண்ட புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர், 1807இல் வெளியான தம் நூலில் இதற்கு 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். செங்கல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது. வெட்டுக்கல்லில் நல்லதும் உண்டு, பொல்லாததும் உண்டு. வெள்ளைக் களிமண் பைகள் நிறைந்த கல் மழையில் கரைந்து குழிவிழும். வாங்குமுன் ஓர் எளிய சோதனை செய்யலாம். நன்கு உலர்ந்த கல் ஒன்றை நிறுத்து, ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்து மறுபடியும் நிறுக்கவேண்டும். இந்தியத் தர அளவின்படி எடை நூற்றுக்கு 12 பங்குக்கு மேல் கூடலாகாது. அதாவது 20 கிலோக் கல் ஊறியபின் 22 கிலோ 400 கிராமுக்கு மேல் இருந்தால் அதைத் தாங்குசுவருக்கு எடுக்கவேண்டாம். நல்ல வெட்டுக்கல்லாயினும் 3 அடி உயரத்துக்குள் நிறுத்துவது நலம். கருங்கல்லைவிட இலேசானது ஆதலால் கனத்தை அரையடி கூட்ட வேண்டும். ஈரம் மாறாத அடித்தளத்துக்கு மட்டும் கருங்கல்லையே இடுதல் சிறப்பு.

3. சிமெண்டுக் கல். ஆறு அங்குலப் பொள்ளல் கல்லை ஒற்றை வரிசையாக அடுக்கிக் கட்டுவது இப்போது பெருகி வருகிறது. வேலை விரைவில் முடிவதும், பூசினால் அழகாக இருப்பதும் இதற்குக் காரணம். எல்லைச் சுவருக்கு இது போதும். மண்ணைத் தாங்குவதற்கு இது சிறிதும் ஏற்றதன்று. தாங்குசுவர் தன் எடையால் நிற்பது. பொள்ளல் கல்லில் எடை எங்கே? மேல்வீட்டார் எல்லைச் சுவராகக் கட்டியதன் பின்னே பின்னாளில் மண்ணிட்டு உயர்த்துவதும் இதே தவறுதான்.

4. செங்கல். தொடர்ந்து ஈரத்தில் இருக்கும் செங்கல் உப்புப் பூத்து உதிரும். பழைய வீட்டை இடித்த செங்கல் இருப்பின், அதையும் ஓட்டுத்துண்டையும் உடைத்துச் சுவரின் பின்னே வடிகால் நிரப்பாக இடுக. அதுவே அதற்குத் தக்க இடம்.

5. இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட். 5 அடிக்கு மேல் உயர்த்தியே தீரவேண்டும், இடமும் குறுகியது என்னும் நிலையில் இதைத் தவிர்க்க இயலாது. ஆயினும் கம்பியின் அளவும் இடமும் பொறியாளர் கணக்கிட்டுத் தருதல் வேண்டும். கம்பி சுவரின் எந்தப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதைத் தவறவிட்டால், போட்ட இரும்பெல்லாம் வீண். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் கம்பி துருப்பிடிக்கும்; கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம் அங்கே கூடுதலாக இருக்கவேண்டும். கடல் மணலைக் கலப்பது இரும்பைத் தின்ன விடுவதற்கு ஒப்பாகும்.

6. கம்பிவலைக் கூடை. துத்தநாகம் பூசிய கம்பிவலைப் பெட்டிகளில் கல்லை நிரப்பி அடுக்குவது இம்முறை. சாலையோரச் சரிவுகளிலும் ஆற்றங்கரைகளிலும் இதனைக் காணலாம். சிறு கல்லையும் ஒழுங்கற்ற கல்லையும் இதில் பயன்படுத்தலாம், நீர் தங்காது. வலைக்குச் செலவு உண்டு. கடற்காற்றுப் படும் இடத்தில் வலை நெடுநாள் உழைப்பதில்லை.

7. மூட்டையும் மரமும். மண் நிரப்பிய பிளாஸ்டிக் சாக்குகள் ஒரு மழைக்காலத்துக்கு அவசர உதவி. வெயிலில் நைந்து போகும். தென்னந்தடி ஈரத்தில் மட்கிச் சிதலுக்கு இரையாகும். முற்றிய பனைவயிரம் அதனினும் நீடிக்கும், அதுவும் நிலையானதன்று. இவற்றைச் சுவர் என்று எண்ணாமல், சுவர் கட்டும்வரை காக்கும் அணை என்றே கொள்ள வேண்டும்.

8. புல்லும் செடியும். சரிவு மென்மையாக இருக்குமானால் சுவரே வேண்டாம் என்னும் நிலையும் உண்டு. கரையைச் செங்குத்தாக விடாமல் சாய்த்து வெட்டி, அதன்மேல் தென்னை நார்க் கயிற்று வலையை விரித்து, வெட்டிவேரை வரிசையாக நடலாம். வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் படராமல் நேரே கீழிறங்கி 6 அடி முதல் 10 அடி வரை செல்லும். அரையடிக்கு ஒரு தூறாகச் சரிவுக்குக் குறுக்கே நட்டால், இரண்டு மழையில் நெருங்கிய வேலியாகும். கயிற்று வலை சில ஆண்டுகளில் மட்கி மண்ணோடு கலக்கும். அதற்குள் வேர் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். விளைகளில் மண்கய்யாலை மீது அன்னாசி நட்டுக் காத்த நம் முன்னோர் முறையும் இதன்பாற்பட்டதே.

ஓர் உயர்ந்த சுவரா? இரண்டு தாழ்ந்த சுவரா?

பின்புறக் கரை 8 அடி உயரம் என்று கொள்வோம். ஒரே சுவராகக் கட்டினால் அடியில் நாலரை அடி, உச்சியில் ஒன்றரை அடி கனம் வேண்டும். இரண்டரை அடி ஆழமும் 5 அடி அகலமும் உள்ள அடித்தளத்தையும் சேர்த்தால், ஓர் அடி நீளத்துக்கு 36½ கன அடிக் கட்டு ஆகிறது. அதையே 4 அடிச் சுவர் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடி ஆழமும் 3 அடி அகலமும் உள்ள அடித்தளம் இட்டால், இரண்டுக்கும் சேர்த்து 25 கன அடியே ஆகும். கல்லில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பொறியாளர் கணக்கிடவேண்டிய உயரமும் தவிர்ந்தது.

ஆனால் மேற்சுவர் கீழ்ச்சுவரின் தலையில் ஏறி உட்காரலாகாது. கீழ்ச்சுவர் உயரத்தின் இரு மடங்கு, அதாவது 8 அடியேனும் இடைவெளி விடவேண்டும். குறைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே உயர்ந்த சுவராகவே தொழிற்படும். விட்ட இடம் வீணன்று; காய்கறி, பூச்செடி, கிழங்கு ஆகியவற்றுக்குப் பாத்தியாகும். நம் கோயில் தெப்பக்குளங்களின் படிவரிசையைக் கருத்துடன் நோக்கினால், ஆழத்தைப் படிப்படியாகப் பகுத்துத் தாங்கும் இதே உத்தி விளங்கும்.

கட்டும் முறை

தை முதல் பங்குனி வரை உள்ள உலர்ந்த நாள்களே இவ்வேலைக்கு உரிய காலம். கரை முழுவதையும் ஒரே நாளில் வெட்டித் திறந்துவிடாமல், பத்துப் பத்து அடியாக வெட்டிக் கட்டிச் செல்லவேண்டும்.

வானம் கெட்டி மண்ணை எட்டும்வரை தோண்டவேண்டும். நிரப்பிய மண்மேல் அடித்தளம் இடலாகாது. பெரிய கற்கள் அடியில் இருக்கட்டும். சுவரின் முன்முகம் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காமல், ஒவ்வோர் அடி உயரத்துக்கும் 2 அங்குலம் மண்பக்கமாகச் சாய்தல் வேண்டும். இரு கல்லின் சந்தின்மேல் ஒரு கல் அமர வேண்டும். சந்தின்மேல் சந்து வரலாகாது. சுவரின் முகத்தில் 5 சதுர அடிக்கு ஒன்றாக, சுவரின் உள்ளே ஆழச் செல்லும் நீண்ட குறுக்குக்கல் வைக்கவேண்டும். முன்னும் பின்னும் இரண்டு தோலாக அடுக்கி நடுவே பொடிக்கல்லைக் கொட்டி மறைப்பது பெரும் தீங்கு. வேலை நடக்கும்போதே அருகில் நின்று இதைக் கவனியாவிட்டால் பிறகு கண்டுபிடிக்க இயலாது.

சாந்திட்டுக் கட்டுவதாயின் சிமெண்டு ஒரு பங்குக்கு மணல் ஆறு பங்கு போதும். அவ்வாறு கட்டிய சுவரில் 5 அடிக்கு ஒன்றாக, 3 அங்குலக் குழாய்த் துண்டை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்த்திப் பதிக்க மறக்கலாகாது. எவ்வகைச் சுவராயினும் அதன் பின்னே ஓர் அடி கனத்துக்கு உடைகல்லும் ஓட்டுத்துண்டும் நிரப்புக. அந்நிரப்புக்கும் மண்ணுக்கும் இடையே நார்ப்பாய் விரித்தால், மண் வந்து வடிகாலை அடைக்காது. மண்ணை அரையடி அரையடியாக இட்டுத் திமிசுக்கட்டையால் இறுக்குக. உச்சியில் ஒரு சிறு ஓடை அமைத்து, மேட்டிலிருந்து வரும் மழைநீரைச் சுவரின் பின்னே இறங்கவிடாமல் பக்கவாட்டில் திருப்புக. அந்நீர் அண்டை வீட்டார் மனையில் பாயாதபடி பொதுவோடையில் சேர்ப்பது நம் கடமை.

கூரைநீர் விழுமிடம், கழிவறைக் குழி, தென்னைத் தடம் ஆகியவை சுவருக்கு மேலே அதனை ஒட்டி இருத்தல் கூடாது. பலா, அயனி, ரப்பர் போன்ற பெருமரங்களும் அவ்வாறே.

செலவைக் கணக்கிடும் வகை

விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே அளவைக் கணக்கிட்டு, அன்றைய விலையால் பெருக்குவதே முறை. 30 அடி நீளம், 4 அடி உயரமுள்ள சாந்தில்லாக் கருங்கற்கட்டை எடுத்துக்கொள்வோம். தரைக்கு மேல் 240 கன அடி. அடித்தளம் 135 கன அடி. ஆக 375 கன அடி. குவியலாக வரும் கல்லில் இடைவெளி மிகுதி ஆதலால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, 450 கன அடி, அதாவது 4½ யூனிட் வாங்கவேண்டும். பின்புற வடிகாலுக்கு உடைகல் 120 கன அடி. அவ்வடிகாலுக்கு வீட்டிலுள்ள ஓட்டுத்துண்டும் செங்கல் துண்டும் உதவினால் அந்தச் செலவு நீங்கும்.

கல்லின் விலையை மட்டும் கேட்டு முடிவு செய்யலாகாது. லாரி நிற்கும் இடத்திலிருந்து வீட்டுப் பின்புறம்வரை இடுக்குவழியில் சுமந்து செல்லும் சுமட்டுக்கூலி, சில இடங்களில் கல் விலைக்கே போட்டியாக நிற்கும். அத்தகைய இடத்தில், அங்கேயே கிடைக்கும் தோட்டக்கல்லும், சாய்த்து வெட்டிய கரையும், வெட்டிவேருமே உண்மையில் மலிவு. மலையோரக் கிராமங்களில் மண் வெட்டவும் கல் உடைக்கவும் அனுமதி வேண்டுமா என்பதை முன்னரே உரிய அலுவலகத்தில் கேட்டறிக.

பணம் போதாதபோது எதைக் குறைக்கலாம்? பூச்சைக் குறைக்கலாம், வெள்ளையடிப்பை விடலாம், முகக்கல்லைக் கொத்திச் செதுக்கும் கூலியைத் தவிர்க்கலாம். நீளத்தையும் இரண்டு ஆண்டுகளாகப் பிரித்து, வீட்டுக்கு நேர் பின்னுள்ள பகுதியை இவ்வாண்டும் எஞ்சியதை மறு ஆண்டும் கட்டலாம். அடித்தளம், கனம், வடிகால் ஆகிய மூன்றில் மட்டும் ஒரு காசும் குறைக்கலாகாது.

முன்னறிகுறிகள்

ஏற்கெனவே சுவர் உள்ளோர் ஐப்பசிக்கு முன் ஒருமுறை சுற்றிப் பார்க்கவேண்டும். சுவரின் வயிறு முன்தள்ளியிருத்தல், அதன் மேலுள்ள தரையில் நீளவாக்கில் பிளவு, நீர்த்துளைகளில் நீர் வராமல் நிற்றல், தெளிநீர் வந்த துளையில் சேற்றுநீர் வருதல், மேலுள்ள மரம் புதிதாகச் சாய்தல் ஆகியவை சரிவுக்கு முன்னறிகுறிகள். அடைபட்ட துளையைக் கம்பியால் குத்தித் திறப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. மழை நாளில் இவ்வறிகுறி கண்டால், அச்சுவரை ஒட்டிய அறையில் அன்றிரவு யாரும் படுக்கலாகாது. குழந்தைகளையும் முதியோரையும் முதலில் வேறிடம் சேர்த்துவிட்டு ஊராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும்.

4 அடிக்கு மேற்பட்ட கரை, ஊற்றுக் கசியும் கரை, வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும் கரை ஆகிய மூன்றிலும் பொறியாளர் கருத்தைப் பெறாமல் கடப்பாறையை எடுக்கவேண்டாம். மலையே பெயர்ந்து வரும் பெருஞ்சரிவை வீட்டுச் சுவர் எதுவும் தடுக்காது என்பதையும் நினைவிற் கொள்க. அத்தகைய இடத்தில் மனை வாங்காதிருப்பதே காப்பு. ஏனைய இடங்களில், தோட்டத்தில் கிடக்கும் கல்லும், உடைந்த ஓடும், தென்னை நாரும், வெட்டிவேரும் ஓர் எளிய குடும்பத்தைக் காக்கப் போதுமானவை. அடுத்த தை பிறக்குமுன் நம் வீட்டுப் பின்புறக் கரையின் உயரத்தை ஒரு கயிற்றால் அளந்து குறித்துக்கொள்வோம். வேலையின் தொடக்கம் அதுவே.